தலைதீபாவளியும் எங்கள் வாசல் மேன்ஹோலும்

ஐப்பசி 3, ஞாயிறு

பேசாமல் இருந்தது போதும். இத்தனை தீபாவளியாக வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இந்த வருஷம் பேசப் போகிறேன்.

காலையிலிருந்து தூறல். செம்பாக்கம் ஏரிப் பக்கம் வானம் கறுப்பு. குடைக்கம்பி உடைந்து கிடக்கிறது, யார் உடைத்தது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் காலனி ஏழு தெரு. எல்லா வீட்டுக் கழிவுநீரும் குழாயில் இறங்கி, ஏழாம் தெருக் கோடியில் என் வாசல் மேன்ஹோலைத் தாண்டி, பம்ப் ஹவுஸ் கிணற்றில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றுவார்கள். கழிவுநீர்க் கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று இதற்காகவே. மற்ற நாளெல்லாம் ஒழுங்கு. தீபாவளி விடிகாலையில் மட்டும் ஏழு தெருவும் ஒரே நேரத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும். எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து கிணற்று வாயில் உள்ள கம்பித் தடுப்பை அடைத்துவிடும். தண்ணீர் எதிர்த்து வரும். வெளியே வரும் இடம் என் வாசல். கோலத்தின் மேல்.

கடைசி மனை எனக்குக் குலுக்கலில் விழுந்தது என்பார் சங்கச் செயலாளர் வரதராஜன். குலுக்கியது அவர். சீட்டை எடுத்தது அவர். அவர் வீடு முதல் தெருவில், மேட்டில். இதற்கு மேல் எழுதினால் ரத்த அழுத்தம்.

இந்த வருஷம் என் மகள் கௌரிக்குத் தலைதீபாவளி. அவளும் மாப்பிள்ளையும் முதல் நாளே வருகிறார்கள். சம்பந்தி தம்பதி தீபாவளி காலை மாம்பலத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு, "உங்க பக்கம் காத்து நல்லா வருது சார்" என்றார். மறக்கவில்லை.

வாசல் காய்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஐப்பசி 6, புதன்

மழை இல்லை. கல்லூரியில் அரை நாள் லீவு. (டிபார்ட்மென்ட் தலைவருக்கு, அதாவது எனக்கு ஜூனியராக இருந்து என் தலை மேல் ஏறி உட்கார்ந்தவருக்கு, காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. "சொந்த வேலை.")

சங்க ஆபீஸ். பம்ப் ஹவுஸை ஒட்டி ஒரே அறை. புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் ஒரு பெண். ஸ்டெல்லா. இரும்புலியூர்க்காரி. நான் போனபோது மேஜை மேல் செய்தித்தாள் விரித்து மசால்வடை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சை நின்றபடியே பேசினேன். முழு வாக்கியங்களாக. வரதராஜன் பெயர் நான்கைந்து இடத்தில்.

முடியும்வரை கேட்டாள். "வடை எடுத்துக்கோங்க சார்" என்றாள். பிறகு புகார் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். "பாருங்க, ஏழாம் தெரு பேரே இல்ல. இத்தனை வருஷம் எங்க சார் இருந்தீங்க?"

வரதராஜன் மேஜைக்கு முன்னால் போய் நிற்பதைவிட வாளியும் துடைப்பமும் மேல் என்று இருந்தேன். அதைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. வடை சூடு.

ஆபரேட்டர் முனுசாமி எட்டிப் பார்த்து: "சார் வூட்டாண்டதான் மேடம் பொங்குது. தீபாவளிக்குத் தீபாவளி பேஜாரு. நம்ம என்னா பண்றது, ஊரே ஒரே டைம்ல குளிக்கிது."

ஸ்டெல்லா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அப்போ மோட்டார் பிரச்சனை இல்ல. ஜனங்களோட பேசணும்." ஞாயிற்றுக்கிழமை காலனி முழுவதையும் பம்ப் ஹவுஸுக்குக் கூப்பிடப் போகிறாளாம். வருவார்களா என்றேன். "சுண்டல் உண்டுன்னு போர்டுல எழுதினா வருவாங்க."

ஐப்பசி 10, ஞாயிறு

வெயில். வந்தார்கள்! குடும்பம் குடும்பமாக, பொருட்காட்சிக்குப் போவது போல. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார்கள். சுண்டல் சாப்பிடக் கை வேண்டும்.

ஸ்டெல்லா கிணற்றையும் கம்பித் தடுப்பையும் காட்டினாள். தடுப்பில் சிக்கியவற்றை ஒரு தட்டில் பரப்பி வைத்திருந்தாள். தேங்காய் நார், முடி, ஷேவிங் பிளேடு, ஒரு பொம்மைக் கால். "ஐயோ, இது எங்க வீட்டு பொம்மை!" என்று மூன்றாம் தெரு அம்மாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு. அப்புறம் தொட்டிகள். கலங்கல் அடியில் தங்கி, தெளிந்த நீர் வாய்க்காலில் போய், கடைசியில் சங்கத்தின் வாழைத்தோட்டம். வாழைத்தாரை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள்.

கடைசியில் கண்ணாடி ஜாடி. தண்ணீர், நல்லெண்ணெய் ஒரு கரண்டி, சீயக்காய்த்தூள் ஒரு கை. குலுக்கிக் கவிழ்த்தாள். பச்சைக் களி.

"அல்வா மாதிரில்ல இருக்கு!"

"கால் கிலோ கட்டுங்க மேடம், எங்க நாத்தனாருக்கு."

பிறகு யோசனை. ஒன்று, குளியலறைத் துவாரத்தில் கொசுவலைத் துண்டு வைத்துக் கட்ட வேண்டும். இரண்டு, தெருவுக்கு ஒரு நேரம் பிரித்துக்கொண்டு குளிக்க வேண்டும். கூட்டம் கொதித்தது. "நரகாசுர வதத்துக்கு டைம்டேபிளா?" "சூரியன் வந்தப்புறம் குளிச்சா அது தீபாவளியா?" கூட்டத்தில் பாதி எழுந்து நின்றது.

அப்போதுதான் நான் பேசினேன். நினைக்கவே இல்லை, பேசிவிட்டேன். கோலத்தைப் பற்றி. வருஷா வருஷம் என் மனைவி சரோஜா அதன் மேல் பினாயில் ஊற்றுவதைப் பற்றி. இந்த வருஷம் மாப்பிள்ளை வருவதைப் பற்றி. வரதராஜன் பெயரை எடுக்கவில்லை. (அவர் முதல் வரிசையில். எடுத்திருக்கலாம்.)

பிறகு நாலாம் தெரு ரயில்வே கார்டு: "தலைதீபாவளின்னு முன்னாடியே சொல்லக்கூடாதா சார்? என்ன மனுஷன் நீங்க!"

கை தட்டினார்கள். எனக்கு. வகுப்பில்கூட யாரும் தட்டியதில்லை.

ஐப்பசி 14, வியாழன்

காற்று. துணி காயவில்லை.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாக. நேர அட்டவணை ஒட்டியாயிற்று. பள்ளமான ஏழாம் தெரு முதலில், மேடான முதல் தெரு கடைசியில், சூரிய உதயத்துக்குச் சற்று முன். ஆக வரதராஜன் கடைசி. இன்று காபி தனி ருசி.

சரோஜா: "என்ன, பாட்டெல்லாம் முணுமுணுக்கிறீங்க?"

இல்லை என்றேன்.

வாங்க வேண்டியது: மாப்பிள்ளைக்கு வேட்டி (கரை அரை அங்குலம், மயில்கண் வேண்டாம்), லேகியத்துக்கு சுக்கு, ஓமம், சித்தரத்தை. கௌரிக்கு மத்தாப்பு. குடை ரிப்பேர்.

ஒரு சந்தேகம். ஆட்டோவில் பேசும் பையன் தானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டிருக்கிறான். "லேட்டா குளிச்சா தண்ணி எதிர்த்துக்கும், ஜாக்கிரதை!" ஸ்டெல்லா எழுதிக் கொடுத்ததில் இது இல்லை.

ஐப்பசி 18, திங்கள்

கௌரியும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பெண் சதை போட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். அவள் குரல் வந்ததும் வீட்டில் வெளிச்சம் கூடிவிட்டது என்று எழுதினால் யாராவது படித்துச் சிரிப்பார்கள். எழுதிவிட்டேன்.

மத்தியானம் பால் பூத் வரிசையில் கேட்டது:

"எங்க தெருவுக்கு நாலரையாம். நாங்க மூணுக்கே முடிச்சுடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"நாங்களும் அதேதான் மாமி. லேட்டானா எதிர்த்துக்குமாமே."

"சொல்லாதீங்கோ வெளில."

வரிசை முழுக்க இதே கதை. ஏழு தெருவும் தந்திரமாக மூன்று மணிக்கு! நேரம் பிரித்ததே எல்லோரையும் ஒன்றாகக் குளிக்க வைக்கப் போகிறது. பாலை அப்படியே தூக்கிக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கு ஓடினேன். இந்த வயதில்.

ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வாட்டர் டேங்க் வால்வு சாவியும் நம்மகிட்டதான், மூடிடறேன் சார். தெருத்தெருவா தண்ணி திறந்து விடறேன். தண்ணி இல்லாம எப்படிக் குளிப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு. "அம்மா, இன்னைக்கு நீர் நிரப்புற நாள். வீட்டுக்கு வீடு அண்டாவைத் தேய்ச்சு, தண்ணி ரொப்பி, சந்தனம் குங்குமம் வெச்சு, மஞ்சள் கொத்து கட்டி, இப்பவே தயார்."

"எங்க வீட்டுல இது கிடையாது சார், எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். "சரி. குளிக்கிறவங்களைத் தடுக்க முடியாது. கிணத்தைக் காலி பண்ணி வெச்சிடலாம்."

அவள் கணக்கு: இன்று மாலையிலிருந்தே மோட்டார் ஓட்டிக் கிணற்றை அடி வரை வற்ற வைப்பது. இடம் கிடைக்கும். இரண்டரை மணியிலிருந்து கம்பித் தடுப்பில் விடாமல் நீள வாரியால் இழுத்துக்கொண்டே இருப்பது. மேடையில் நின்றபடி, இறங்க வேண்டாம். ஆனால் ஆள் வேண்டும். மற்ற ஷிப்ட் ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். அவளும் அவள் தம்பியும் இருக்கிறார்கள். முனுசாமி இருக்கிறான். "என் வூட்டுக்காரி திட்டும் மேடம். ஆனா வரேன். கிறிஸ்மஸுக்கு நீ எனக்கு லீவு குடுக்கணும்."

மூன்று பேர். இன்னொரு வாரி சும்மா சாய்ந்திருந்தது.

பாலை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐப்பசி 19, செவ்வாய். தீபாவளி

வானம் துடைத்த மாதிரி. நட்சத்திரம்.

முதல் ஆளாக என் தலையில் எண்ணெய். சரோஜா தேய்த்தாள். குளித்து, புது வேட்டி, லேகியம் ஒரு உருண்டை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் போய் அந்த வாரியை எடுத்தேன்.

"வாங்க புரொபசர்" என்றான் முனுசாமி. (புரொபசர் இல்லை. ஆக விடவில்லை. இன்று திருத்தவில்லை.)

மூன்று மணி. சொல்லி வைத்த மாதிரி வந்தது. குழாயில் முதலில் ஒரு முனகல். பிறகு வெந்நீர் ஆவியோடு, சீயக்காய் வாசனையோடு, ஏழு தெருவின் தலைக்குளியல். சாக்கடை வாசனையே இல்லை, கல்யாண வீட்டுக் கொல்லை மாதிரி மணந்தது. தடுப்பில் பச்சைக் களி அப்பும். இழு. தட்டு. மறுபடி இழு. கொசுவலை வைத்த வீடுகள் நிறைய இருந்திருக்க வேண்டும், பயந்த அளவு களி இல்லை. ஆனால் தண்ணீர் ஏறியது. ஸ்டெல்லா டார்ச் அடித்து, "ஏறுது, ஏறுது" என்று கத்திக்கொண்டே இருந்தாள். கை விட்டுப்போய்விட்டது எனக்கு.

பின்னாலிருந்து ஒரு கை வாரியைப் பிடித்தது. மாப்பிள்ளை. தலையில் எண்ணெயோடு, பழைய லுங்கியில்.

"மாமா, கொஞ்சம் நகருங்க. எனக்கு இது புதுசு, நல்லா இருக்கு."

"மாப்பிள்ளை, தலைதீபாவளி, நீங்க..."

"அங்க உட்கார வெச்சு லேகியத்தை ஊட்டறாங்க மாமா. இங்கயே இருக்கேன்."

முனுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும். ஸ்டெல்லாவும் அவள் தம்பியும். நடுவில் மேட்டுத் தெருவில் முதல் வெடி. பிறகு எல்லாப் பக்கமும். வெடிச் சத்தத்தில் அவள் கத்தியது காதில் விழவில்லை. கையை மட்டும் பார்த்தோம். உள்ளங்கை கீழ்நோக்கி, மெதுவாக, கீழே, கீழே.

இறங்குகிறது.

வாசலுக்கு ஓடினேன். மேன்ஹோல் மூடி காய்ந்து கிடந்தது. கோலம் கோலமாக இருந்தது. அதன் ஓரத்தில் கௌரி ஒரு பூச்சட்டியை வைத்துக் கொளுத்தினாள். நின்று பார்த்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

சம்பந்தி மனைவியோடு வந்தார். பட்டு வேட்டி. கர்ச்சீப் பையிலேயே இருந்தது. "பையன் எங்க?" என்றார். பம்ப் ஹவுஸ் என்றேன். காட்டக் கிளம்பினேன், கூடவே வந்தார். போனவர் திரும்பவில்லை. ஸ்டெல்லாவிடம் ஒரே கேள்வி. தண்ணீர் எங்கே போகிறது, களியை என்ன செய்வீர்கள், வாழைத்தார் விற்பனைக்கு உண்டா. இட்லி ஆறிப் போனதாக சரோஜாவுக்குக் கோபம். கடைசியில் அவர் கையில் ஒரு தார்.

"எங்க தெருவுலயும் இந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தர் இருந்தா தேவலை சார்."

எங்கள் காலனிக்கு வந்துவிடுங்கள் என்றேன். என் வாயிலிருந்து. சம்பந்தியிடம்.

முனுசாமி வீட்டுக்கு ஒரு டப்பா அதிரசம். ஸ்டெல்லா வீட்டுக்கு இரண்டு.

ஐப்பசி 21, வியாழன்

மழை திரும்பிவிட்டது. பிள்ளைகள் நேற்று கிளம்பினார்கள். வீடு பெரிதாக இருக்கிறது. தோள்பட்டை வலி, வேப்பெண்ணெய்.

சங்க நோட்டீஸ் போர்டில்: "செயலாளர் அவர்களின் அயராத முயற்சியால் தீபாவளி இனிதே..." மூன்று மணிக்கு அவர் எங்கே இருந்தார்? அண்டாவுக்குப் பக்கத்தில். தன் முறைக்குக் காத்திராமல் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குளித்தாராம், முனுசாமிக்கு அவர் வீட்டு வேலைக்காரி சொன்னது.

அதோடு இன்னொன்றும் முனுசாமி சொன்னான். ஸ்டெல்லாவை நிரந்தரமாக்குவதா என்று அடுத்த வாரம் நிர்வாகக் குழுவில் முடிவாம். "செக்ரெட்டரி ஆம்பள ஆளுதான் வேணும்ன்றாரு சார். ராத்திரி டூட்டிக்கு லேடீஸ் சரிப்படாதாம்."

உட்கார்ந்து சங்கத் தலைவருக்கு எழுதினேன். நடந்ததை நடந்தபடி. ஜாடி, கொசுவலை, கிணற்றை வற்ற வைத்தது, விடிய விடிய டார்ச்சோடு நின்றது யார். திட்டு ஒரு வரிகூட இல்லை. இரண்டு முறை வரதராஜன் பெயர் பேனாவில் வந்தது. இரண்டு முறையும் அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். இவ்வளவு நல்ல விதமாக நான் எதையும் எழுதியதில்லை.

சரோஜா படித்தாள். "அழகா இருக்கு. கீழே பேர் எங்க?"

பேர் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வரதராஜனுக்கும் எனக்கும் ஆகாது என்பது ஏழு தெருவுக்கும் தெரியும். 'ஏழாம் தெருக்காரன் பழைய பகைக்கு எழுதியிருக்கான்' என்று கசக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு என் பெயர் ஒரு பாரம். பேர் இல்லாவிட்டால் எந்தத் தெருக்காரனும் எழுதியிருக்கலாம்.

ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. கையெழுத்து கிடையாது. மழை விடுவதற்குள், தெருவில் ஆள் இல்லாதபோதே, பஸ் ஸ்டாண்ட் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.