ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டு பைட்

ஞாயிறு, நவம்பர் 16

அன்புள்ள எஸ்கிலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் அந்தத் தீவில், அந்தக் காற்றில், சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். திரையில் எழுதினால் பாதியில் அழித்துவிடுவேன். அதனால் தாள். முடித்ததும் படமெடுத்து அனுப்புகிறேன், தாள் தபாலில் பின்னால் வரும். இங்கே முதல் பனி விழுந்து இரண்டே நாளில் கரைந்துபோனது. மூன்று மணிக்கு இருட்டிவிடுகிறது. அப்பா காருக்குக் குளிர்கால டயர் மாட்டினார், முழங்காலைத் திட்டிக்கொண்டே. நீ அனுப்பிய உன் மீன் பண்ணைக் கூண்டுகளின் படம் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. படத்தில் நீ மிதவைச் சட்டையின் பட்டையைப் போடவில்லை. போட்டுக்கொள்.

ஹில்டிங் இறந்துவிட்டார். உன் பள்ளிப் பேருந்தை ஓட்டிய ஹில்டிங். ஒன்பது வருடம் அவர் பின்னால் உட்கார்ந்து போனாய், அதனால் உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக மட்டும் இல்லை. அவர் இறந்ததில் என் பங்கு ஒன்று இருக்கிறது. நாளை காலை ஒன்பது மணிக்கு அதைப் பற்றிய விசாரணைக் கூட்டம். செய்தித்தாளில் வந்தால் யாராவது உனக்கு அனுப்புவார்கள். அதற்கு முன்னால் என் கையெழுத்தில் நீ படிக்க வேண்டும்.

என் வேலை உனக்குப் புரிந்ததே இல்லை, தப்பில்லை, அப்பாவுக்கும் புரியாது. ஐந்து ஊராட்சிகளுக்குச் சேர்த்து எங்கள் கணினி மையத்தில் ஒரு சொந்த கிளவுட் வைத்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் நிஜமான பெட்டிகள் இருபது. அவற்றுக்குள் உடம்பில்லாத இயந்திரங்கள் முந்நூற்றுக்கு மேல். வயதானவர்கள் கையில் கட்டியிருக்கும் அவசரப் பொத்தான் தெரியுமே, அதை அமுக்கினால் செய்தி அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்துக்கு வரும். அது இன்னோர் இயந்திரத்திடம் அந்த ஆளின் கோப்பைக் கேட்கும். பெயர், வீடு, சாவி எங்கே, என்ன நோய், என்ன மருந்து. கோப்பு வந்ததும் எல்லாம் சேர்ந்து அழைப்பு மையத்தில் இருப்பவரின் திரையில் தோன்றும். பிறகு யாராவது காரை எடுத்துக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான். போன மாதக் கடைசியில் பழைய பெட்டிகள் சிலவற்றை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தோம், அவற்றுக்கு நடுவே செய்தியைக் கடத்தும் புதிய சுவிட்சுகளோடு. வைத்தவன் ஹாம்புஸ். வெளி நிறுவனத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன், முப்பது வயது, கம்பளித் தொப்பியை உள்ளேயும் கழற்றமாட்டான். இந்த மாதம் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, அவசரப் பொத்தான் இயந்திரத்தைப் புதிய பெட்டிக்கு நகர்த்தினோம்.

வியாழன் காலை முதியோர் பராமரிப்பிலிருந்து ஒரு புகார் வந்தது. ஓர் அம்மாள் பொத்தானை அமுக்கியதாகச் சொல்கிறார், திரையில் ஒன்றும் வரவில்லை, பார்க்கவும். பார்த்தேன். ஓர் இயந்திரத்திலிருந்து மற்றதற்கு பிங் அனுப்பினேன். கதவைத் தட்டி, இருக்கிறாயா என்று கேட்பது போன்றது அது. இருக்கிறேன் என்றது. நூறு தடவைக்கு நூறு தடவை. பிறகு சோதனை ஆளின் பொத்தானை அமுக்கினேன். எங்களிடம் ஒரு பொய் மனிதர் இருக்கிறார், பெயர் டெஸ்ட் டெஸ்ட்சன், பிறந்தது ஜனவரி ஒன்று, எங்கள் அலுவலக முகவரியில் குடியிருப்பு. எல்லோரும் எல்லாவற்றையும் அவரை வைத்தே சோதிப்போம். அவருடைய அழைப்பு இரண்டு நொடியில் திரைக்கு வந்தது. வலையமைப்பில் குறை இல்லை, அந்த அம்மாள் சரியாக அமுக்கினாரா என்று கேட்கவும் என்று எழுதி, புகாரை மூடினேன். பதினொன்றரை மணி.

வியாழன் என்றால் கீழே உணவகத்தில் பட்டாணி சூப். வரிசையில் என் பின்னால் ஹாம்புஸ் நின்றான். நடந்ததைச் சொன்னேன். பெரிய சைஸ்ல பிங் போட்டுப் பாத்தியா மாரிட்டா, அந்தப் புது சுவிட்ச் மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, நானே பாத்துருவேன், ஆனா அந்த மெஷினுக்குள்ள என்னை விடமாட்டீங்களே என்றான். உண்மை. வெளி ஆளுக்கு நோயாளிகளின் இயந்திரத்தில் அனுமதி கிடையாது. என்னிடம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா. சூப் ஆறிடும்டா, உன் சந்தேகத்த காஞ்ச ரொட்டி மாதிரி நொறுக்கிப் போட்டுச் சாப்பிடு என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஒரு நிமிட வேலை, எஸ்கில். ஒரே ஒரு கட்டளை.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஹில்டிங் குளியலறையில் விழுந்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மருந்து கொடுக்க வந்த பெண் பார்த்தாள். இடுப்பு முறிந்திருந்தது. அந்தத் தரை எப்போதும் குளிர். அடுத்த புதன்கிழமை மருத்துவமனையில் நிமோனியாவில் போய்விட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் அவர் அமுக்கிய ஒவ்வொரு அமுக்கலும் இருந்தது, நேரத்தோடு. நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் முதல் இயந்திரத்துக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது கோப்பைக் கேட்டிருக்கிறது. கோப்பு புறப்பட்டிருக்கிறது. வந்து சேரவில்லை. அப்போதும் பிங் போட்டேன், அப்போதும் இருக்கிறேன் என்றது. பிறகுதான் அளவைக் கூட்டிக் கூட்டி அனுப்பினேன். ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டு பைட் போனது. இருபத்துமூன்று போகவில்லை. மறுபடி இருபத்திரண்டு, போனது. மறுபடி இருபத்துமூன்று. உடம்பில்லாத இயந்திரங்களுக்கு நடுவே போகும் ஒவ்வொரு துண்டையும் இன்னோர் உறைக்குள் போட்டுத்தான் அனுப்ப வேண்டும், உறையால் ஐம்பது பைட் கூடும். அந்த ஐம்பதுக்குப் புதிய சுவிட்சில் இடம் விடப்படவில்லை. இடத்துக்குள் அடங்காததை அது திருப்பி அனுப்பாது. யாரிடமும் சொல்லவும் சொல்லாது. கீழே போட்டுவிடும். ஆரோக்கியமானவர்களின் கோப்பு சின்னது, அது போய்ச் சேர்ந்தது. டெஸ்ட்சனுக்கு ஒரு மாத்திரை கிடையாது. ஹில்டிங்குக்குப் பதினேழு மருந்து, இதயம், சர்க்கரை, பின்கதவுச் சாவி, குரைக்கும் ஆனால் கடிக்காது என்று நாயைப் பற்றி ஒரு வரி. நோய் கூடியவர்களின் அழைப்புதான் மூன்று நாளாக விழுந்துகொண்டிருந்தது. பதினைந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். அன்றே இன்னொரு சோதனை ஆளை உண்டாக்கி, இருபத்துமூன்று மருந்து எழுதினேன். பெயர் போடும் இடத்தில் கை நின்றது. எண் மட்டும் கொடுத்தேன்.

எங்கள் தலைவி லிஸ்பெத் போன திங்களன்றே அறிக்கையின் வரைவை அனுப்பினாள். காரணம், ஒப்பந்த நிறுவனத்தின் அமைப்புப் பிழை. அது பொய் இல்லை, சுவிட்சை அப்படி விட்டவன் ஹாம்புஸ்தான். நான் மூடிய புகார் பற்றி ஒரு வரி இருந்தது. அலுவலர் வழக்கமான சோதனைகளைச் செய்தார், குறை தென்படவில்லை. அதுவும் பொய் இல்லை. சூப் வரிசை அறிக்கையில் இல்லை. அவனுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இனி எந்த ஊராட்சியும் அவனை உள்ளே விடாது. வியாழன் மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்தான். அன்னைக்கு சூப் வாங்கறப்ப நான் ஒன்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா என்றான். ஹில்டிங் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. எப்போ என்றேன். பெரிய சைஸ்ல போடச் சொன்னேன் இல்ல என்றான். இல்லையேப்பா, அப்படி எதுவும் நீ சொன்னதா ஞாபகம் இல்லை என்றேன். அவன் குனிந்து பூட்டைத் திறந்தான். சரி, நான்தான் வீட்டுக்குப் போனப்புறம் நெனச்சிருப்பேன் போல, தூக்கமே இல்ல ஒரு வாரமா என்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஏறவில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டேன். குடிக்கவில்லை.

நேற்று ஹில்டிங்கின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் உல்லா ஃபிரிட்ஜைக் காலி செய்துகொண்டிருந்தாள். கையுறையோடு நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச், பிங், சூப், சைக்கிள். நான் அழவில்லை, அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். எத்தனை தடவை அமுக்கினாரு என்றாள். சொன்னேன். அப்பா லிஃப்ட் பட்டனைக்கூட ரெண்டாவது தடவை அமுக்க மாட்டாரு, அதுக்குத் தெரியும், வரும், அவசரப்படாதேம்பாரு என்றாள். பிறகு ஒரு ஜாம் புட்டியைத் திறந்து முகர்ந்துபார்த்து மூடினாள். இங்க வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போறது உனக்கு லேசு மாரிட்டா, அந்தப் பையன் முன்னால சொல்லு, எழுதிக் குடு, திங்கக்கிழமை நான் அங்க வந்து உக்காந்திருப்பேன் என்றாள். வாசல் வரை வரவில்லை.

உன் அப்பாவிடம் நேற்று மாலைதான் சொன்னேன். யாரும் கேக்காத கேள்விக்கு நீ எதுக்குப் பதில் சொல்ற, ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு, சுவிட்சை நீயா வச்ச என்றார். என் பக்கம் நிற்பதாக நினைத்துத்தான் சொன்னார். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு மணி நேரம் விறகு பிளந்தார், அந்த முழங்காலோடு. திரும்பி வந்து, எழுதறதா இருந்தா தேதி நேரமெல்லாம் சரியாப் போட்டு எழுது, அரைகுறையா எழுதாத என்றார்.

இன்று காலை எழுதினேன். ஒரு பக்கம். வியாழன் பதினொன்றரைக்கு மூடியது. பன்னிரண்டுக்கு ஹாம்புஸ் கேட்டது. நான் கேலி செய்தது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் நான் சொன்ன பொய். லிஸ்பெத்துக்கு அனுப்பினேன், ஹாம்புஸுக்கும் நகல். லிஸ்பெத் பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள். இத யாரும் உன்கிட்ட கேக்கலையே மாரிட்டா என்றாள். ஆமாம் என்றேன். அவள் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. நாளைக்கு உன் கார்டு கதவைத் திறக்காது, விசாரணைல பேர் வந்தா கார்டை நிறுத்தணும்ங்கறது நான் போட்ட விதிதான், என்னால மாத்த முடியாது, கீழ நின்னு மணி அடி, நானே வந்து திறக்கறேன் என்றாள்.

வேலை போகும் என்று நினைக்கிறேன். போகாமலும் இருக்கலாம், எங்கள் ஊரில் யாரையும் சத்தமாக வெளியே அனுப்பமாட்டார்கள், பழைய கோப்புகளை அடுக்கும் ஓர் அறைக்கு மாற்றுவார்கள். அதைப் பற்றிக் கவலைப்படாதே. டிக்கெட் எடுத்து ஓடிவராதே. ஹாம்புஸின் பதில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தது. கோபமாக இருக்கும் என்று நினைத்து, போனை வெகுநேரம் கவிழ்த்தே வைத்திருந்தேன். இரண்டு வரிதான். அப்ப நான் நிஜமாவே கேட்டிருக்கேன். மூணு நாளா என்னையே நான் நம்பல.

அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் வேலையில் கூட நிற்பவன் ஏதாவது சந்தேகம் என்று சொன்னால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நின்று கேள். நீ எங்கே இருந்தாலும் உனக்கு நல்லது நடக்கட்டும், உன்னால் பிறருக்கும். நானும் அப்பாவும் தினமும் உன் பெயரைச் சொல்லாமல் படுப்பதில்லை.

மறந்துவிடாதே, அடக்கம் இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. உல்லாவுக்கு நாலு வரி எழுது. பேருந்து பற்றி, உனக்காக அவர் நிறுத்தத்தில் காத்திருந்தது பற்றி, உனக்கு ஞாபகம் இருப்பதை எழுது. என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாரிட்டா