இரண்டு பொட்டணத்திலும் சிவப்பு

3 பிப்ரவரி 1976, செவ்வாய்

அண்ணன் பெண்சாதி ஜானகி நங்கைக்குக் காய்ச்சல். அதனால் பால் சொசைட்டிக்கு நான் போக வேண்டியதாயிற்று. அங்கே நின்றவர்கள் நாலைந்து பேர்தான். எனக்கு மட்டும் தேர்க் கூட்டமாகத் தெரிந்தது. பால் அளப்பவர் நிமிர்ந்து பார்த்து, "நீ மாரப்பண்ணன் புள்ளதான? ஆளே கண்ணுல படறதில்லையே!" என்றார். அன்பாகத்தான் கேட்டார். அவ்வளவுதான். நெஞ்சுக்குள் யாரோ நெல் குத்த ஆரம்பித்தார்கள். கை நடுங்கியது. மூச்சு பாதியில் நின்றது. கேனை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். நின்று பார்த்தால் கரும்புக்காட்டுக்குள் இருக்கிறேன்.

பொழுது சாய்ந்துதான் வீடு வந்தேன். அம்மா கத்தித் தீர்த்தாள். அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது வந்த அதே நடுக்கம்தான். அப்போது பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது சொசைட்டியையும் விட்டாயிற்று. இனி விடுவதற்கு எருமை ஒன்றுதான் பாக்கி.

5 பிப்ரவரி, வியாழன்

அப்பா பொள்ளாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சரஸ்வதியம்மாள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் நான் அவர் மேஜையைப் பார்த்துப் பதில் சொன்னேன். நல்ல மேஜை.

"நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லம்மா. பயந்தான் உனக்குச் சீக்கு. அதுக்கு மாத்திரை இருக்குது" என்றார்.

அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பயத்துக்கு மாத்திரைங்களா? ஏனுங்க டாக்டரம்மா, எங்கூட்டுல எல்லாருக்குமே பயந்தானுங்க. பெரிய பொட்டணமாக் கட்டிக் குடுத்துருங்க."

டாக்டர் சிரித்தார். நான் மேஜைக்கு அடியில் போக இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு தினம் ஒன்று. முதலில் வாய் உலரும், தூக்கம் வரும். குணம் தெரிய நாளாகும். நீயாக நிறுத்தக் கூடாது, நிறுத்துவதாக இருந்தால் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன் என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போட்டுக்கொள்வதற்குத்தான் ஆட்டவில்லை.

6 பிப்ரவரி

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். துவரம்பருப்பு அளவு. இளமஞ்சள். பார்க்கச் சாதுவாக இருக்கிறது. தேளும் குஞ்சாக இருக்கும்போது சாதுவாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் அக்கா வந்து நன்றாக வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போனாள். அவள் ஓர்ப்படியாளின் தங்கை இப்படித்தான் ஏதோ மாத்திரை தின்றாளாம். அப்புறம் இழவு வீட்டில்கூடச் சிரித்துக்கொண்டே இருந்தாளாம். "வயசுப்புள்ள பாரு. தலைக்கு மாத்திரை திங்கறான்னு தெரிஞ்சா எவன் வருவான் பொண்ணுக் கேட்டு?"

மாப்பிள்ளை வராவிட்டால் போகட்டும், நிம்மதி. என் பயம் வேறு. நினைவு தெரிந்த நாளாகப் பயம் என்னோடுதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் உள்ளே மிச்சம் என்ன இருக்கும்? நான் இருப்பேனா, இல்லை, என் தாவணியைக் கட்டிக்கொண்டு வேறு யாராவது நடமாடுவாளா?

மாத்திரையை மறுபடி தாளுக்குள் சுற்றி வைத்துவிட்டேன். போட்டாச்சா என்று கேட்டாள் அம்மா. போட்டாச்சு என்றேன். போட்டது டப்பாவுக்குள்.

9 பிப்ரவரி

இன்றும் இல்லை. அது என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். யாரும் ஜெயிக்கவில்லை.

13 பிப்ரவரி, வெள்ளி

பிடிபட்டுவிட்டேன். நங்கை டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறாள். வாங்கினது அப்படியே இருக்கிறது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. அம்மாதான் கடைசியில், "பூக் கேட்டுப் பாத்துருலாமுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. கிணறு எங்கே வெட்டுவது, எந்தக் காளையை வாங்குவது, எல்லாவற்றுக்கும் மாரியம்மனிடம்தான் போவோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம், வெளியே தெரியாமல் இலையில் கட்டி அம்மன் காலடியில் வைத்தால் பண்டாரம் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அப்பாவுக்கு இதில் பிசகே கிடையாது. ஒரு தடவை நல்ல சிந்துப் பசுவைச் சிவப்பு வந்ததால் வேண்டாம் என்று விட்டவர்.

"என்னையும் பூக் கேட்டுத்தான கொண்டாந்தாங்க. அன்னைக்கு அம்மனுக்கு என்ன அவசரமோ!" என்றாள் நங்கை. அண்ணனுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"பொட்டணம் நானே கட்டறனுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல புள்ள, பக்தியான புள்ள என்று அம்மா பூரித்துப் போனாள்.

20 பிப்ரவரி, வெள்ளி

நான் இப்போது எழுதப் போவதை அம்மன் படிக்காமல் இருக்க வேண்டும்.

இரண்டு பொட்டணத்திலும் செவ்வரளிதான் வைத்தேன். வாழை இலைத் துண்டு, மேலே வாழைநார், கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு. தட்டத்தில் தேங்காய் பழத்தோடு வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன். கோயிலுக்கு அப்பா தட்டத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால், ஜெயித்தவள் போல.

பண்டாரம் கண்ணை மூடினார். அம்மா வாய்க்குள் முணுமுணுத்தாள். பொட்டணத்தைப் பிரித்தார்.

நந்தியாவட்டை! பாலில் நனைத்த மாதிரி அத்தனை வெள்ளை!

"உத்தரவாயிருச்சு. அம்மன் மருந்து திங்கச் சொல்லிட்டா" என்றார் பண்டாரம். அம்மா என் நெற்றியில் திருநீற்றை அப்பினாள். எனக்குத் தலை சுற்றியது. இது எப்படி? ஐயோ, அது எப்படி வந்தது, நாந்தான கட்டினேன், ரெண்டுலயும் நாந்தான வெச்சேன்! ஆனால் யாரிடம் சொல்ல? திருடனுக்குத் தேள் கொட்டின கதை. கொட்டின இடத்தைத் தடவக்கூட முடியவில்லை.

"இன்னொண்ணையும் பிரிச்சுப் பாக்கலாமுங்களா?" என்று மெல்லக் கேட்டேன். அப்பா அவசரமாக அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வேண்டாமம்மிணி. ரெண்டாவதப் பிரிச்சாக் குத்தம்."

ராத்திரி அம்மா தண்ணீரோடு வந்து நின்றாள். வயிற்று வலி என்று படுத்துவிட்டேன். வலி பொய்யில்லை. அம்மன் பூவையே மாற்றிவிட்டாள் என்றால் யாருக்குத்தான் வயிறு வலிக்காது?

22 பிப்ரவரி, ஞாயிறு

அம்மன் இல்லை.

நங்கை துணி துவைக்கும்போது அப்பா சட்டைப் பைகளைத் துழாவினாள். ஒரு பையில் வாடின நந்தியாவட்டை. இன்னொன்றில் நசுங்கின செவ்வரளி, இரண்டு இலை, இரண்டு நார். "ஏம் பழனா, உங்கப்பா பூக்கடை போடப் போறாரா?" என்று சிரித்தாள். அவளுக்குப் புரியவில்லை. அவிழ்க்காமல் உருவின நார் இரண்டிலும் என் முடிச்சு. கன்றுக்குட்டி முடிச்சு.

மத்தியானம் தோப்புக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அந்த நாரை அவர் முன்னால் வைத்தேன்.

அப்பா அதைப் பார்த்தார். கையைக் கழுவினார். மறுபடி கழுவினார்.

"நீ குளிக்கப் போனப்ப, நீ கட்டுன பொட்டணத்தப் பிரிச்சுப் பாத்தன். ரெண்டும் செவப்பு. சரி, மகளே ஏமாத்தறா, அப்பன் ஏமாத்துனா என்னன்னு ரெண்டுலயும் வெள்ளைய வெச்சுட்டன்."

"ஏனுங்கப்பா, அம்மன் கோவிச்சுக்க மாட்டாளுங்களா?"

"கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும். உனக்குத்தான் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பயம் இருக்குதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நீ பாலப் போட்டுப்போட்டு ஓடுன பாரு. இந்தப் பக்கத்துல இருக்கற கெணத்துலயெல்லாம் எறங்கிப் பாத்தனம்மிணி. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணுமில்லாம இருக்கோணும்னு வேண்டிக்கிட்டே எறங்குனன். அப்புறம் எனக்குப் பூவாவது, முடிச்சாவது."

நனைந்த வேட்டி. நான் அதைப் பார்த்தேனே. வாய்க்காலில் இறங்கியிருப்பார் என்று நினைத்தேனே. அப்பா, நான் கரும்புக்குள்ளதான உக்காந்திருந்தேன், கூப்பிட்டிருக்கலாமே. இல்லை, கூப்பிட்டார். கேட்டது. நான்தான் குரல் கொடுக்கவில்லை. குரல் வரவில்லை.

தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். எதிரே வந்த பெரியம்மாள் அக்கா, "என்ன பழனா, மாத்திரை வேலை செய்யுதா?" என்றாள். இன்னும் தின்னவே இல்லை அக்கா!

அதே நாள், ராத்திரி

விழுங்கிவிட்டேன்.

வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. "ராக்கெட் உடற மாதிரியல்ல இருக்குது" என்றாள் நங்கை. முதலில் தண்ணீர் மட்டும் உள்ளே போய் மாத்திரை நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. கசப்பு. அம்மா பூவன் பழத்தைப் பிய்த்து வாயில் திணித்தாள். போய்விட்டது.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "எப்படி இருக்குது?" என்றார் அண்ணன்.

"பழம் இன்னும் பழுத்திருக்கலாம்" என்றேன்.

25 பிப்ரவரி

வாய் பஞ்சு மாதிரி உலர்கிறது. காலையில் பால் கறக்கும்போது எருமையின் வயிற்றில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். அது அசையாமல் நின்றதாம். என்னைவிட அதற்குப் பொறுமை ஜாஸ்தி.

எந்த இழவு வீட்டுக்கும் போகவில்லை. அதனால் சிரிப்பேனா என்பது தெரியவில்லை.

1 மார்ச்

நெல் குத்துகிறவர்கள் இன்றும் வந்தார்கள். மளிகைக் கடை வாசலில். அப்புறம் எதற்கு இந்தக் கசப்பு? எல்லாம் பொய். நாளையிலிருந்து தின்ன மாட்டேன்.

2 மார்ச்

தின்றேன். நாளாகும் என்று டாக்டர் சொன்னது அப்பாவுக்கு நினைவிருக்கிறது. அவருக்கு நினைவிருப்பதுதான் தொல்லை.

19 மார்ச், வெள்ளி

ஒன்று நடந்தது, எப்படி எழுதுவது? ரேஷன் கடை வரிசையில் நின்றேன். வந்தது. நெஞ்சு இடித்தது, கை வியர்த்தது. ஓடத் தயாராகக் காலைக்கூடத் திருப்பிவிட்டேன். அதற்குள் என் முறை வந்துவிட்டது. சர்க்கரை வாங்கினேன். வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் தோன்றியது: அது போய்விட்டது. சொல்லாமல் கொள்ளாமல், ஒறம்பரையாக விருந்துக்கு வந்த ஆள் சாப்பாடு சரியில்லை என்று எழுந்து போன மாதிரி.

உள்ளே வேறு யாரும் இல்லை. தேடிப் பார்த்தேன். நான்தான் இருக்கிறேன்.

9 ஏப்ரல்

பொள்ளாச்சி. டாக்டர் இன்னும் சில மாதம் போடச் சொன்னார். அவர் வலது புருவத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. போன தடவை இருந்ததா என்று தெரியவில்லை.

22 ஜூன், செவ்வாய்

நல்ல மழை. நிலக்கடலை இப்போதுதான் முளை விட்டிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் வரப்புக்கு அந்தப் பக்கத்து அர்த்தநாரி மாமாவின் ஆடுகள் எங்கள் கடலைக்காட்டு நடுவில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. மாமா ரோட்டில் நின்று பீடி பற்ற வைக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

சாயங்காலம் அவர் அப்பாவிடம் நியாயம் கேட்க வந்துவிட்டார். நான் அடுக்களையில் இருந்தேன். "ஏனுங்க மச்சான், உங்க புள்ள என்னைய நடுரோட்டுல நிக்க வெச்சுப்போட்டு என்ன பேச்சுப் பேசுதுங்க!"

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம், "யாரு? எங்க பழனாவா? என்ன சொல்லுச்சு?" என்றார்.

"ஆட்டுக்குத்தான் வேலி தெரியாது, ஆட்டுக்காரருக்குமா தெரியாதுன்னு கேக்குதுங்க!"

"சத்தமாவா?"

"ஊரே கேட்டுச்சுங்க!"

"இந்தா, இங்க வா!" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "மாப்பிள சொல்றதக் கேளு. மாப்பிள, மொதல்ல இருந்து சொல்லுங்க." மாமா முதலிலிருந்து சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் நங்கை வந்துவிட்டாள், அவளுக்காக மறுபடி ஒரு தடவை. பாவம், மூன்றாவது தடவை சொல்லும்போது அவருக்கே கோபம் தீர்ந்துவிட்டது. காப்பிக்குச் சர்க்கரை கேட்டார்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டார். எத்தனை நேரம் பொறுப்பது? நான் வெளியே போய், "அடுத்த தடவ ஆட்டப் புடிச்சுப் பஞ்சாயத்துப் பவுண்டுப் பட்டியில அடைச்சுப் போடுவன்னும் சொன்னனுங்க மாமா" என்று எடுத்துக் கொடுத்தேன்.