குடோன் கதவு

தி.நகர்,
ஜூலை 2021

பேச்சியம்மாள் மதினிக்கு சுந்தரவல்லி எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. உங்கள் மூத்தவள் கீர்த்தி போனதிலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் உங்கள் மருமகன் புகழேந்தியிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கீர்த்தியின் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள். சைதாப்பேட்டையில் புகழேந்தியின் அக்கா வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். மூக்கு அப்படியே கீர்த்திதான்.

உங்கள் இளையவள் அஸ்வினிக்கு எட்டாம் மாதத்தில் கால் வீங்கி, ஓயாத தலைவலியாம். "மூத்தவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் பறிகொடுத்தேன், இவளையுமா?" என்று செக்கப்புக்கு விட மறுக்கிறீர்களாம். செக்கப்புக்குப் போன இடத்தில்தான் கீர்த்திக்குக் கொரோனா ஒட்டியது என்று உங்களுக்குச் சொன்னது நான். அது பொய், மதினி.

ஊரடங்கில் எங்கள் துணிக்கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசலில் ஆள் ஏற்றினோம். வைகாசி முகூர்த்த வியாபாரத்தை விட மனசு வரவில்லை. கூறைப்புடவை காட்ட அவளைப் போல ஆள் கிடையாது என்று, வீட்டில் இருந்த ஏழு மாதக்காரியை நான்தான் கூப்பிட்டேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. அன்று மாநகராட்சி ஆட்கள் வந்து ஷட்டரைத் தட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரர்களோடு அவளையும் மாடிக் குடோனில் ஏற்றிக் கதவைச் சாத்தினோம். அங்கே ஜன்னல் கிடையாது. ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். "மூச்சு முட்டுதும்மா, கதவ லேசாத் திறக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

அடுத்த வாரம் காய்ச்சல். டாக்டர்கள்தான் குழந்தையையாவது மிச்சம் வைத்துக் கொடுத்தார்கள். "எம்புள்ளையா பாத்துக்கிடுதேன்" என்று உங்கள் வாசலில் நின்று சொல்லி அவளைக் கடை வேலைக்குக் கூட்டி வந்தவள் நான்.

அவள் கடைக்கு வந்தது புகழேந்திக்குத் தெரியும். குடோனில் அடைத்ததை நேற்றுத்தான் சொன்னேன். எங்கள் கார் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு இந்தக் கடிதம் தெரியாது, தெரிந்தால் தெரியட்டும். போலீசுக்குப் போவதானால் இதையே காட்டுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களிடம் அதைக் கேட்பதும் ஒரு அநியாயம். கார் உங்கள் வாசலில் நிற்கிறது. என்னைச் சபிக்க ஆயுசு முழுக்க இருக்கிறது மதினி, இப்போது அஸ்வினியை ஏற்றிவிடுங்கள்.

உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத,
சுந்தரவல்லி