சுவரோரக் கம்பி

ஒரகடம்,
ஐப்பசி, திங்கட்கிழமை.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

ஜெர்மனியில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுத வரவில்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். இங்கே டீ இடைவேளையில் கூப்பிட்டால் அங்கே உனக்கு விடிந்திருக்காது. அதனால் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் குன்றுச் சரிவில் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் ஒன்று இருந்ததே, போன வருடம் நீ லீவில் வந்தபோது அதன் விளிம்பிலிருந்து நம் சுவர் வரைக்கும் வரிசையாக இரும்புக் கம்பி அடிக்கச் சொன்னாய். மண் எவ்வளவு கரைகிறது என்று நான் அளந்து சொன்னேன். நீ அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, பள்ளம் வீட்டை எட்டப் பத்து வருடமாவது ஆகும் என்றாய். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது ஒவ்வொரு மழைக்கும் ஒரு கம்பி காணாமல் போகிறது. தண்ணீர் கீழே ஓடுகிறது, பள்ளம் மட்டும் மேலே ஏறி வருகிறது. விளிம்பில் விழும் தண்ணீர் அடிமண்ணைக் குடைகிறது. மேல்மண் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு தொப்பென்று விழுகிறது. மழை விட்டு வெயில் அடிக்கும்போதுகூட விழுகிறது. நானும் ரகுபதி மாமாவும் ஒரு டிராக்டர் இடிபாட்டுக் கல் கொட்டிப் பார்த்தோம். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்துவிட்டது.

நீ கணக்குப் போட்டபோது மேட்டில் வேலிகாத்தான் புதர்தான் இருந்தது. இந்தக் கோடையில் அதை மழித்து, கன்டெய்னர் லாரி நிறுத்த சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். அத்தனை தண்ணீரும் ஒரே குழாயில் நம் காம்பவுண்டு ஓரமாக இறங்குகிறது. உன் கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? உன்மேல் தப்பே இல்லை.

வளைகாப்பு முடிந்து வந்த உன் அக்கா காவேரி, பின்னறையில்தான் படுக்கிறாள். சுங்குவார்சத்திரத்தில் ரகுபதி மாமா வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அங்கே போய்விடலாம் என்று கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று. "நெறமாசப் பொண்ண வச்சிக்கினு யாரு வூடு மாத்துவாங்க? கொழந்தைக்கு ஆவாது. சம்பந்தியம்மா இன்னா நெனப்பாங்க?" என்கிறாள் உன் அம்மா. அதற்காவது ஏதாவது சமாதானம் சொல்லலாம். அடுத்து ஒன்று சொல்கிறாள் பார். "எம் பொண்ணு படிச்சவ. இன்னும் பத்து வருசம் கீதுன்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லிட்டா. உனுக்கு இன்னாய்யா தெரியும்?" நீ சொன்ன வார்த்தையை நம்பித்தான் உன் அக்கா அங்கே படுத்திருக்கிறாள்.

கடைசியாகச் சுவரோரம் ஒரு கம்பி அடித்து, இது அசையாது, இதிலிருந்தே அளங்கப்பா என்றாயே. இன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், சாய்ந்திருக்கிறது. தொட்டால் பல் ஆடுவதுபோல் ஆடுகிறது. அதை ஒட்டிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காவேரியின் கட்டில். எனக்குப் பயமாக இருக்கிறது, கவி. இந்த வயதுவரை இப்படிப் பயந்ததில்லை.

இதைப் பார்த்த உடனே வீட்டுக்குப் போன் பண்ணு. ஸ்பீக்கரில் போடச் சொல், காவேரியும் கேட்கட்டும். கணக்கு தப்பாகிவிட்டது என்று சொல். உனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருக்கலாம், அப்பாவுக்காகச் சொல். அப்போ எத்தினி நாள் கீது என்று உன் அம்மா கேட்பாள். தயவுசெய்து எந்தக் கணக்கும் சொல்லிவிடாதே. பத்து நாள் என்றால் ஒன்பது நாள் அங்கேயே இருப்பாள். இப்பவே கிளம்புங்க என்று மட்டும் சொல், தாயே.

மாடிச் சாவி என் பையில்தான் இருக்கிறது. கேன்டீன் தகரத்தில் தூறல் சத்தம் கேட்கிறது. நீயும் காவேரியும் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அப்பா,
ராஜசேகர்.