முந்நூறு டிகிரிக் கணக்கு

நைசியே அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறைத் தோழியிடம்கூட.

அப்பாவின் கண்ணுக்கு ஆறு மாதமாக எண்கள் தெரிவதில்லை. பூமிக்கடியிலிருந்து நீராவி எடுக்கும் கிணற்று ஆய்வகத்தில் தெரிந்தால் வேலை போய்விடும். இந்த நைவாஷா ஊரில் வேறு யார் வேலை தருவார்கள்? அதனால் அவருடைய கணக்குகளை நான்தான் போடுகிறேன். அழுத்தத்தில் அடைத்த சுடுநீரில் யாரும் அளக்காத சேர்மமென்றால், மூலக்கூறைத் துண்டுகளாகப் பிரித்து, அட்டவணையிலுள்ள துண்டு மதிப்புகளைக் கூட்டுவேன். அது நிலைத்து நிற்குமா, வாயுவாக உடையுமா என்று தெரிந்துவிடும்.

நேற்று ஒரு புதுச் சேர்மத்துக்கு "நிற்கும்" என்று எழுதிக் கொடுத்தேன். இன்று பார்த்தால், ஒரு துண்டுக்கு முந்நூறு டிகிரி மதிப்புக்குப் பதில் இருபத்தைந்து டிகிரி மதிப்பை எடுத்திருக்கிறேன். திருத்திக் கூட்டினால் உடைகிறது. காலையில் அதை மூடிய எஃகுக் கலத்தில் சூடேற்றுவார்கள்; வாயு பெருகினால் கலம் வெடிக்கும். அழுத்தமானியைப் பார்ப்பவர் அப்பா. முள் தெரியாமல் முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பார்.

அவரிடம் சொன்னேன். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சுடி. இப்ப மாத்தினா யாரு போட்டதுன்னு கேப்பாங்க. அது என்ன உன் டிபன் டப்பாவா, தானா தொறந்துக்க? போய்ப் படு" என்றார்.

அவர் தூங்கியதும், அடுத்த வீட்டிலிருக்கும் அவருடைய மேலாளர் கிப்சாங் மாமாவின் கதவடியில் ஒரு சீட்டைத் தள்ளிவிட்டு வந்தேன். கணக்கு தப்பு, போட்டது நான், அப்பாவுக்குக் கண் தெரியாது என்று எழுதியிருக்கிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். கிப்சாங் மாமாவின் குரல். "இந்நேரத்துல யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறக்கிறார். மாமாவின் கையில் என் சீட்டு.