சாவுத் தோல்

1937 ஏப்ரல் 7, புதன்

சந்தைக்குப் போய் வெயிலோடு திரும்பினேன். இந்த வருஷம் போல் தோல் வரத்தை நான் பார்த்ததில்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் தீவனம் இல்லாமல் மாடுகள் விழுகின்றன என்கிறார்கள். குடியானவனுக்குக் கேடு, தோல்காரனுக்கு அறுவடை. இதைச் சொல்ல வெட்கப்பட்டால் வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். கருவாடு விற்ற காசு நாறுமா?

கசாப்புத் தோலுக்கு ஒரு விலை. தானாகச் செத்த மாட்டின் தோலுக்கு, அதாவது சாவுத் தோலுக்கு, அதில் பாதி. ஓமலூரிலிருந்து சாவுத் தோலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றுத்தான் இந்த மண்டியை வைத்தேன். எனக்கு யாரும் முதல் போடவில்லை.

இன்று அங்கமுத்து ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்திருந்தான். வேலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சாவுத் தோல் சேர்க்கிறவன். வழக்கம்போல் கைமேல் துண்டைப் போட்டு, அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசினோம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரிந்துவிடக் கூடாதே. அங்கமுத்து லேசில் படிகிற ஆள் இல்லை. இன்று நான் காட்டிய முதல் விலைக்கே சரி என்று விரலை மடக்கிவிட்டான். அவசரப்பட்டு விற்கிறவனிடம் வாங்காதே என்று நானே எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. அவன் சுட்டுவிரலில் ஒரு கட்டி என் கையில் தட்டுப்பட்டது. நடுவில் பொருக்கு, சுற்றிலும் கெட்டியான வீக்கம். தெரியாமல் நன்றாக அழுத்திவிட்டேன். அவன் கையை இழுக்கவே இல்லை. வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

“முள்ளு குத்துச்சுங்க. வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

ஏப்ரல் 9

அங்கமுத்துவின் சரக்கைப் பிரித்து அடுக்கினோம். என் பெண்சாதி சகாயம்மாளின் தம்பி தோமினிக்தான் மண்டியில் எனக்கு வலது கை. ஒவ்வொரு தோலையும் மடித்துப் பிடரியில் போட்டு உள்ளே கொண்டுபோகிறான். பிடரிக்குச் சாக்குப் போட்டுக்கொள்ளடா என்றால், சாக்கு வழுக்குகிறதாம். வெற்றுடம்பில்தான் தூக்குவான். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் தூக்கினேன்.

ஒரு தோலின் உள்பக்கத்தை விரித்துக் காட்டினான். ரத்தம் உறையாமல் தார் மாதிரிக் கசிந்திருந்தது.

“மச்சான், இது பட்டினியில செத்த மாடு இல்லீங்க. கொழுப்பு எப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க.”

பார்த்தேன். நல்ல கொழுத்த மாடுதான். இன்னொரு கை உப்பு அள்ளிப் போடச் சொன்னேன்.

ஏப்ரல் 12

மதராஸ் வியாபாரியிடமிருந்து தந்தி. சனிக்கிழமை ரயிலில் ஏற்றிவிட வேண்டும்.

ஏப்ரல் 14, புதன்

சந்தையில் அங்கமுத்துவைக் காணோம். அவன் ஊர்ப் பக்கத்துப் பண்ணையக்காரர் மயில்சாமிக் கவுண்டரிடம் விசாரித்தேன்.

“சவரியாரே, சேதி தெரியாதுங்களா? அவன் போயிட்டானுங்க. திங்கக்கெழம எடுத்துட்டாங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாடுகள் பட்டினியில் சாகவில்லை. அடைப்பான், மாட்டிலிருந்து மனுஷனுக்கும் ஒட்டுகிற வியாதி. காலையில் ஏர் ஓட்டிய எருது மத்தியானத்துக்குள் வயிறு உப்பி, மூக்கில் ரத்தம் கசிய விழுகிறதாம். மாட்டு டாக்டர் வந்து, தோலை உரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். யாரும் தோண்டி எடுத்து விற்றுவிடாதபடி குறுக்கும் நெடுக்குமாகத் தோலைக் கத்தியால் கீறிவிட்டு, சுண்ணாம்பைக் கொட்டி ஆழப் புதைக்கிறார்களாம்.

டாக்டர் வருவதற்கு முன்னால் விழுந்த மாடுகள்? அந்தத் தோல்களைத்தான் அங்கமுத்து சேர்த்திருக்கிறான். என் மண்டியில் கிடக்கும் தோல் ஒன்றிலும் கீறல் இல்லை.

அவன் விரல் கட்டியை யாரோ கீறிவிட்டார்களாம். “கீறுன அன்னைக்கே கையி, தோளு, கழுத்துன்னு வீங்கி ஏறிருச்சுங்க. மூச்சே உடமுடியல,” என்றார் கவுண்டர். அதோடு, “உங்களுக்கு ஏதாச்சும் சரக்குப் போட்டானுங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் அதுதான் முதலில் வந்தது.

ஏப்ரல் 15

காலையிலிருந்து இதே யோசனை. சொன்னால் மண்டிக்குப் பூட்டு. அதை நம்பி உலை வைக்கிற குடும்பங்கள் தெருவில். சொல்லாவிட்டால் நாளை மறுநாள் சரக்கு ரயிலேறிவிடும். மதராஸில் எவன் பிடரியில் ஏறுமோ, அவன் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை. முகம் தெரியாதவன் என்றால் மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது!

சாயங்காலம் தோமினிக் பிடரியைச் சொறிந்துகொண்டே பேசினான். கொசு என்றான். பார்த்தேன், சின்னக் கொப்புளம். வலிக்கிறதா என்றேன். அரிக்கத்தான் செய்கிறதாம்.

சேசுவே.

ஏப்ரல் 16, வெள்ளி

விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். கொப்புளம் உடைந்து நடுவில் கரி வைத்த மாதிரிக் கறுத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சுற்றிலும் அதே கெட்டி. அவன் முகம் சுளிக்கவில்லை. துண்டுக்கடியில் என் விரல் தொட்டது இதைத்தான். கண்ணால் பார்க்காததை என் விரல் மறக்கவில்லை.

அவன் பெண்சாதி இன்பமேரியும் கூட வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டதும், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வெறகு வெட்டறனுங்க. முள்ளு பட்டுருச்சுங்க” என்றான்.

அதே முள்.

என் மண்டியைக் காப்பாற்றுகிறான், மடையன். நான் சும்மா நின்றேன். டாக்டர் சாதாரணக் கட்டி என்று எடுத்துக்கொண்டு, கீறிவிட்டால் சரியாகிவிடும் என்று கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். கம்பவுண்டர் அதைச் சுடுதண்ணீரிலிருந்து எடுத்து நீட்டினான்.

“கீறாதீங்க. அவன் சொல்றது பொய்யிங்க. எம்மண்டியில தோல் தூக்கறவன். அடைப்பான்ல செத்த மாட்டுத் தோலுங்க. நாந்தான் வாங்கினேன்.”

டாக்டர் கத்தியை வைத்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன்; திட்டவில்லை. மண்டி எங்கே, எத்தனை பேர் தொட்டார்கள், சரக்கு வெளியே போயிற்றா என்று மட்டும் கேட்டார். அதற்கென்று உள்ள சீரம் மதராஸிலிருந்து வரவேண்டும், அதுவரை காத்திருக்க முடியாது, கைவசம் இருக்கிற ஊசியை நரம்பில் போடலாம் என்றார். என்ன ஊசி என்று தோமினிக் கேட்டான். பேரைச் சொன்னதும் படுக்கையிலிருந்து இறங்கிவிட்டான். தாசி வீட்டுக்குப் போய் வருகிற மேகவியாதிக்காரர்களுக்குப் போடுகிற ஊசி அது. எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“செத்தாலும் சாவறேன், அந்த ஊசி வேண்டாங்க. நாளைக்கு இவ கோயிலுக்கு எப்படிப் போவா?”

டாக்டர் சொல்லிப் பார்த்தார், நான் சொல்லிப் பார்த்தேன். சட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். இன்பமேரிதான் அதைத் தன் பின்னால் மறைத்துவைத்திருந்தாள்.

“நீ அந்தப் பக்கம் போற ஆளுன்னா எம்மூக்குக்குத் தெரியாதா? கட்டிக்கிட்டு வந்த நாளா உம்மேல தோல் நாத்தம் தவிர ஒரு வாசனை வந்ததில்ல. ஊரு வாயை நான் பாத்துக்கறேன். கையை நீட்டு.”

கம்பவுண்டர் சிரித்துவிட்டான். தோமினிக் கையை நீட்டினான்.

ஏப்ரல் 17

வீக்கம் தாடைக்கு வந்துவிட்டது. காதும் கழுத்தும் ஒன்றாகிவிட்டன. கஞ்சி இறங்கவில்லை. சகாயம்மாள் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரயில் போயிற்று. நம் சரக்கு இல்லாமல்.

ஏப்ரல் 19

சுகாதார இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து, சரக்கு முழுவதையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். நல்ல தோல் எது, கெட்டது எது என்று பிரிக்க முடியாது என்றார். நானும் பிரிக்கச் சொல்லவில்லை. மண்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூட்டுப் போட்டார்கள்.

உப்புத் தட்டுகிற குப்பாயி முழங்கையைக் கொண்டுவந்து காட்டினாள். வெறும் சிராய்ப்புத்தான். ஆனால் இனி ஒவ்வொருவரும் தம் உடம்பை ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்த்துக்கொள்வார்களோ!

ஏப்ரல் 20

தோமினிக்குக்கு மூச்சு இழுக்கிறது. பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 24

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கண்ணைத் திறந்து, மண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்குது என்றேன்.

மே 6

கறுப்புப் பொருக்கு முழுசாக விழுந்துவிட்டது. பிழைத்தான். மதராஸில் யாரோ ஒரு சுமைகாரனும் பிழைத்தான். அவனுக்கு அது தெரியாது.

மே 30

மண்டியைத் திறக்க விடமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. வேலூர் வெல்லத்தை வாங்கி விற்கிறேன். வியாபாரிக்கு எந்தச் சரக்கும் சரக்குத்தான்.

தோமினிக்கை மூட்டை இறக்க அழைத்துப் போனேன். அவன் தொட்ட மூட்டையைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள். ஒருத்தன் மாட்டு வியாதி என்கிறான், இன்னொருத்தன் அந்த ஊசியைச் சொல்லிக் கண்ணடிக்கிறான். நான் சண்டைக்குப் போனேன். தோமினிக்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

கொஞ்ச நாள் பொறு, மறந்துவிடுவார்கள் என்றேன். ஊர் மறக்கிற வரைக்கும் அடுப்பு பொறுக்குமா மச்சான் என்றான்.

ஜூன் 11

தோமினிக் வெள்ளைக்கல் குவாரியில் சேர்ந்துவிட்டான். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லையாம்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

பரலோக மாதா திருநாள். பூசை முடிந்து தோமினிக்கும் இன்பமேரியும் சாப்பிட வந்தார்கள். பிடரியில் ஒரு குழி விழுந்திருக்கிறதே தவிர, ஆள் தேறிவிட்டான். சகாயம்மாள் கோழி அடித்திருந்தாள். என்னோடும் சிரித்துப் பேசினாள்.

கல் நொறுக்குகிற இடத்தில் அவனுக்கு வேலை. குளித்து, வேட்டி மாற்றி வந்தும் புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளை அப்பியிருந்தது. மாவு மில்லுக்காரன் மாதிரி இருக்கிறாயே என்று கேலி செய்தேன். சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. சாப்பாட்டை விட்டு எழுந்து வாசலுக்குப் போனான். நாங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இருமல் நிற்கச் சுணங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், எத்தனை நாளாக இது என்று கேட்டேன்.

“அங்க எல்லாருக்கும் இருக்குதுங்க மச்சான். நாத்தமில்ல, ரத்தமில்ல. வெறும் கல்லுத் தூசிதானுங்க, கழுவினாப் போயிரும்.”

இன்பமேரி அவன் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். நான் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.