நான்காவது இடத்தில் ஒரு கண்ணாடிக் கடை

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் வரவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளறையில் குழாயைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். ஒரு பெண் போனைப் பார்த்தபடியே கடையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, "இங்க கண்ணாடிக் கடை எங்க இருக்கு?" என்று என்னிடமே கேட்டாள். என் தலைக்கு மேலே ஆறடிப் பலகை!

"இதுவும் கண்ணாடிக் கடைதாம்மா."

"இல்ல, போன்ல முதல்ல வருதே, மஞ்சள் போர்டு, அது."

வாங்கி மேப்பில் பார்த்தேன். முதலில் மஞ்சள் பலகை. ஜனவரியில் எங்கள் தெருமுனையில் கிளை திறந்த பெரிய கம்பெனி. இரண்டாவதும் மூன்றாவதும் யாரோ. 'மேலும் காட்டு' என்பதை அழுத்தினால்தான் நான்காவதாக நான். அதை யார் அழுத்துகிறார்கள்? பதினான்கு வருஷமாக இதே கடை. என் போனில் தினமும் தேடிப் பார்க்கிறேனே, அதில் நான்தானே முதலில் வருகிறேன்?

பிப்ரவரி 4

அவர் போனில் தேடினேன். நான்காவது. எதிர்க்கடைக்காரர் போனில் தேடினேன். நான்காவது.

பிப்ரவரி 6, வியாழன்

கொழுந்தனை வரச்சொன்னேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன், எதைக் கேட்டாலும் ஒரு விளக்கம் வைத்திருப்பான். அதனால் வீட்டில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி, நீங்க தினம் உங்க கடையையே தேடுறீங்க. உங்க போனுக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. அதான் முதல்ல காட்டுது."

ஆக, இத்தனை நாளும் என் போனே என்னை ஏமாற்றியிருக்கிறது. அதையும் நம்பி, கூட்டம் குறைந்ததற்கு வெயில் காரணம், பரீட்சைக் காலம் காரணம் என்று இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கே நின்று தேடுகிறோமோ அதைப் பொறுத்து வரிசை மாறுமாம். மதியம் அவர் போனை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். நோட்டில் குறித்தது: பள்ளிக்கூட வாசல் - 3. பேங்க் - 4. பஸ் நிறுத்தம் - 5. மஞ்சள் பலகைக்கு முன்னால் - 7. என் கடை வாசல் - 2.

என் வாசற்படியிலேயே நான் இரண்டாவது. வயிறு எரிகிறது.

பிப்ரவரி 10, திங்கள்

மஞ்சள் பலகையின் மேலாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல பேச்சு. "எங்க கிளையில மூத்த கண் பரிசோதகரா வாங்கம்மா. உங்க அனுபவத்துக்கு மரியாதை இருக்கும். மார்ச் முப்பத்தொண்ணு சாயந்திரம் அஞ்சு மணிக்கு நானே கூப்பிடுறேன். அப்ப சொன்னாப் போதும்."

"லென்ஸ் யார் தேய்க்கிறாங்க?" என்று கேட்டேன். எல்லாம் ஒரே தொழிற்சாலையில் தேய்த்துப் பெட்டியில் வருமாம். அப்படியானால் நான் அங்கே போனால் இவர்? உள்ளறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அது நின்றபோது தெரிந்தது.

"மார்ச் கடைசி வரைக்கும் பார்ப்போம். ஆள் வரலைன்னா நீ போ. நான் ஏதாவது பாத்துக்கறேன்" என்றார். ஏதாவது என்றால் என்ன? இருபது வருஷமாக லென்ஸைத் தவிர வேறு எதையும் தொடாத மனுஷன்.

போக மாட்டேன். எப்படியாவது முதல் மூன்றுக்குள் வரவேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்றாவது! பேங்க் வாசலிலிருந்து விஞ்ஞானி செய்தி அனுப்பினான். அப்போது பள்ளி வேன் ஓட்டுநருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த போன் அதிர்ந்ததும் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து குதிக்காத குறை. "என்னம்மா, லாட்டரியா?" என்று அவர் கேட்டார். சிரித்துக்கொண்டே பவர் சீட்டை எழுதிக் கொடுத்தேன். ஃபிரேம் மட்டும் மஞ்சள் பலகையில் வாங்கப் போகிறாராம், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசமாம். போகட்டும். இன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகளின் பிறந்தநாள். கடைக்கு மேலேயே வீடு என்பதால் உறவு முழுக்க மாடியில். விஞ்ஞானி கேக்கைக்கூட வெட்ட விடவில்லை. "எல்லாரும் போனை எடுங்க! அண்ணி கடைக்கு அஞ்சு நட்சத்திரம்! போட்டவங்களுக்குத்தான் கேக்!" ஒரே சிரிப்பு. எங்கள் வைஃபையிலேயே இருபத்திரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டார்கள். மூட்டுவலியால் வராத மாமியாருக்கும் போன் செய்து, எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தான். மேப்பில் கடைப் பெயரையும் நீட்டிவிட்டான். அசல் பெயருக்குப் பின்னால் 'கண் பரிசோதனை குறைந்த விலை மிக அருகில்'.

"இது தப்பில்லையாடா?" என்று இவர் கேட்டார். "எல்லாரும் பண்றாங்கண்ணா."

பிப்ரவரி 17

முதலிடம். முதலிடம். முதலிடம்.

மாமியார் எழுதியது: "என் மருமகள் கடை. நல்ல பொண்ணு. கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. கண்ணு சரியாப் பார்ப்பா." நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்துவிட்டார்!

பிப்ரவரி 19, புதன்

கடையைக் காணோம். மேப்பில் முதலிலும் இல்லை, நான்காவதிலும் இல்லை. பெயரை முழுசாக அடித்துத் தேடினாலும் 'இங்கே எதுவும் இல்லை' என்கிறது. நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், விளக்கு எரிகிறது, இயந்திரம் ஓடுகிறது. எதுவும் இல்லையாம்!

விஞ்ஞானி சத்தமே இல்லாமல் வந்தான். ஒரே வீட்டு இணைப்பிலிருந்து ஒரே மத்தியானத்தில் இருபத்திரண்டு பேர். பொய் விமர்சனம் என்று மேப் கம்பெனி முடக்கிவிட்டதாம். மேல்முறையீடு போட்டிருக்கிறான். நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் கேக் கொடுத்தது நான்தானே.

பிப்ரவரி 25

ஒரே ஒரு ஆள். மூக்குத் தாங்கி மாற்ற.

மார்ச் 3, திங்கள்

மேல்முறையீடு தள்ளுபடி. பலகையில் இருக்கும் பெயரும் மேப்பில் இருக்கும் பெயரும் வேறு வேறாம். "அப்ப போர்டை மாத்தி எழுதிடலாமா அண்ணி?" என்றான் விஞ்ஞானி. இவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "எங்க கடைப் பேரு 'மிக அருகில்' இல்லடா!"

இன்னும் இருபத்தெட்டு நாள்.

மார்ச் 6, வியாழன்

வேன் ஓட்டுநர் வந்தார். மஞ்சள் பலகையில் செய்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு வாரமா தலைவலிம்மா. ரோடு ஒரு பக்கமா சாயுற மாதிரி இருக்கு. பழசு உடைஞ்சு போச்சு, இதையே போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுறேன். உங்க டெஸ்ட் சரியாத்தான் இருக்கும். அவங்கதான் லென்ஸைக் கெடுத்துட்டாங்க."

கருவியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு லென்ஸிலும், பவர் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று காட்டும் கோணம் 10. கண்ணைத் திரும்பப் பரிசோதித்தேன். வலது 10, இடது 170. இடது லென்ஸே கோணலாக இருந்தால் ரோடு சாயாமல் என்ன செய்யும்? எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை இங்கே மறைத்து என்ன பயன், சந்தோஷம்தான்.

"அவங்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுங்க" என்றேன். அவருக்கு எழுத வராது, போனை நீட்டினார். நான்தான் அடித்தேன். 'தப்பான லென்ஸ் கொடுத்துப் பிள்ளைகள் உயிரோடு விளையாடுகிறார்கள். கேட்டால் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள்.' கடைசி வரியை அவர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன்.

திங்கள் மாலை புதுக் கண்ணாடி தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 7

மஞ்சள் பலகை 4.6லிருந்து 4.4. புதுக் கிளை, விமர்சனமே இருபதுதான், ஒன்று விழுந்தாலும் ஆட்டம் காண்கிறது. பள்ளிப் பெற்றோர் குழுவிலும் அது பரவியிருக்கிறதாம். வேணும் நல்லா.

மார்ச் 8, சனி

எழுதக் கை வரவில்லை.

இவர் சீட்டில்லாமல் எந்த லென்ஸையும் தேய்க்க மாட்டார். பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் சேர்த்துக் குத்தி, கண்ணெதிரே மாட்டி வைத்தால்தான் இயந்திரத்தையே போடுவார். அதற்காகச் சீட்டுகளின் பிரதிப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். வெளியே வந்து பிப்ரவரி 13ஆம் தேதிச் சீட்டை என் முன்னால் வைத்தார்.

வலது 10. இடது 10. என் கையெழுத்து.

அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் எழுதியதை அப்படியே தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பிரதியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? தப்பு அவங்களோடதுன்னு அவ்வளவு நிச்சயமா இருந்தேனே!

இந்த நாட்குறிப்பில் 13ஆம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். 'மூன்றாவது!' என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதி வைத்திருக்கிறேன் பாவி. அந்தச் சமயத்தில்தான் இடது கண்ணுக்கு எழுதினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா.

யாருக்குத் தெரியும்? ஓட்டுநர் கையில் இருக்கும் சீட்டைப் படிக்க அவருக்குத் தெரியாது. புதுக் கண்ணாடியைக் கொடுத்தால் ரோடு நேராகிவிடும், என்னைக் கும்பிடுவார். மஞ்சள் பலகை 4.4லேயே கிடக்கும். பேசாமல் இருந்தால் போதும்.

"திங்கக்கிழமை காலையில அவர் வேன் எடுப்பாரே" என்றார் இவர். உள்ளே போய் இயந்திரத்தைப் போட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் புதுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வேன் ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். வேன் வாசலில் நின்றது. அவர் மனைவி ஈரத்துணியால் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே சொன்னேன். "தப்பு அவங்களோடது இல்ல. என்னோடது. உங்களுக்குக் கண் பார்க்கும்போது போனைப் பார்த்துட்டு இடது கண்ணுக்குத் தப்பா எழுதிட்டேன்."

அவர் புதுக் கண்ணாடியைப் போட்டுத் தெருவை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். நேராகத் தெரிந்திருக்கும். ஆனால் முகம் மாறவில்லை.

"பதினாலு பிள்ளைங்கம்மா. தினம் ரெண்டு நடை. மேம்பாலத்துல நாலு தடவை ஓரமா நிறுத்தி மூஞ்சி கழுவியிருக்கேன்."

மன்னிச்சுக்கங்க என்றேன். அது வாயிலிருந்து வரும்போதே அற்பமாக இருந்தது. அவர் மனைவி துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நானாக இருந்தால் வாளித் தண்ணீரை மேலே ஊற்றியிருப்பேன்.

கிளம்பும்போது அவர் போனை நீட்டினார். "நீங்க அடிச்சதை நீங்களே அழிச்சிடுங்க." அழித்தேன்.

மார்ச் 10, திங்கள்

மஞ்சள் பலகைக்குப் போய் அங்கிருந்த பரிசோதகரிடம் விஷயத்தைச் சொன்னேன். என் மகளைவிடப் பத்து வயது மூத்திருந்தால் அதிகம். "அந்த விமர்சனத்துக்கு எங்கிட்ட எழுத்துல விளக்கம் கேட்டாங்க மேடம். ரெண்டு நாள் தூங்கல" என்றாள். அங்கேயும் ஒருத்தி என்னைப் போலவே நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

மஞ்சள் பலகை மறுபடி 4.6.

மார்ச் 14

மேப் கம்பெனிக்கு மறுபடி எழுதினோம். பெயரைப் பழையபடி ஆக்கி, பலகை, தெரு, கருவி எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். இயந்திரத்தின் முன்னால் இவரையும் நிற்க வைத்தேன். ஃபோட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாக நிற்கிறார்.

மார்ச் 20, வியாழன்

கடை திரும்ப வந்துவிட்டது. நான்காவது இடம். கேக் நட்சத்திரம் இருபத்திரண்டும் போய்விட்டது. வேறு ஊரிலிருந்து போட்டதாலோ என்னவோ, மாமியார் எழுதியது மட்டும் அப்படியே நிற்கிறது. கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

மார்ச் 22, சனி

வேன் ஓட்டுநர் எழுதியிருக்கிறார். பேசிப் பதிந்திருப்பார் போல. மூன்று நட்சத்திரம். "டெஸ்ட் பண்ணும்போது போனைப் பாத்துக்கிட்டு தப்பா எழுதிட்டாங்க. ரெண்டு வாரம் கஷ்டப்பட்டேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து ஒத்துக்கிட்டு வேற கண்ணாடி குடுத்தாங்க. இப்ப ரோடு நேரா இருக்கு."

ஊரே படிக்கும். தீர்ந்தது கதை. இவரிடம் போனைக் காட்டி அழுதேன்.

"இதுல பொய்யா ஒரு வார்த்தை இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு, துடைத்துக்கொள்ளத் துண்டைக் கொடுத்தார். லென்ஸ் துடைக்கிற துண்டு. முகமெல்லாம் தூள்.

மார்ச் 28

மூன்று நாளில் மொத்தம் ஐந்து பேர். மேலாளருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். 'சரிங்க, வர்றேன்.' ஒரு நொடி வேலை. இவர் இயந்திரத்தைத் தினமும் துடைத்துத் துணி போட்டு மூடுகிறார். முன்பெல்லாம் மூட மாட்டார்.

மார்ச் 31, திங்கள்

மாலை நாலேமுக்கால். போனை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா பள்ளிச் சீருடையில் இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "போர்டுல எழுத்து தெரியலைங்கறா. பாக்கணும்." உட்காரச் சொன்னேன்.

"அதுக்கு முன்னாடி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க போனை எங்கயாவது உள்ள வெச்சிடுங்க. வேன்காரர் சொல்லித்தான் அனுப்பினார். அந்தம்மா போனை உள்ள வெச்ச பிறகு கண்ணைக் காட்டுங்கன்னார்."

எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் முழுசாகப் புரிந்தது. சொல்லித்தான் அனுப்பினார். அனுப்பியிருக்கிறார்.

"இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க, அவர் வேன்ல போற பிள்ளைங்கதான்" என்றார் அந்த அம்மா.

போனை இழுப்பறையில் போட்டு மூடினேன். அந்தப் பெண்ணின் வலது கண்ணைப் பார்த்தேன், பிறகு இடது கண். பாதியில் இழுப்பறைக்குள் போன் அதிர்ந்தது. கடிகாரத்தில் மணி ஐந்து, மேலாளர் சொன்ன நேரம். அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அந்தப் பெண் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அதைப் பாக்காத கண்ணு, இந்த எழுத்தைப் படி" என்றேன்.

வலது 15. இடது 165. இரண்டு தடவை சரிபார்த்து எழுதினேன். சீட்டைக் கிழித்து உள்ளறைக்கு நீட்டினேன். இவர் இயந்திரத்தின் மேலிருந்த துணியை எடுத்தார்.